கம்பிவேலிக்கு வெளியே இரண்டாம் குரல்

போன மாதம் உங்களில் நான்கைந்து பேர் தங்கா பத்துவில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டுகிறோம், இரண்டு குரலில் பாட வைக்க ஆசைப்படுகிறோம், எப்படிச் செய்வது என்று கேட்டீர்கள். நான் காப்பி கொடுத்தேனே தவிர, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. என் மகள் வேலை முடிந்து வரும் பஸ் அன்று தாமதம். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் கண் சாலையில் இருந்தது. அவள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. அதற்குள் நீங்கள் விடைபெற்றுக் கிளம்பிவிட்டீர்கள்.

மலாயாவில் அவசரகாலம் முடிந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். தோட்டங்களைச் சுற்றியிருந்த கம்பிவேலிகளைப் பிரித்து, அந்தக் கம்பியில் இப்போது துணி காயப்போடுகிறார்கள். ஊரடங்கு இல்லை, வாசலில் சோதனை இல்லை. என் மகளும் உங்களைப் போல ஒரு பள்ளியில் ஆசிரியையாகி, தன் சம்பளத்தில் எனக்குச் சேலை வாங்கித் தருகிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தி நேரத்தில் மழை தூறினால் இன்னும் நான் வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால், நீங்கள் கேட்ட கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

சுரம் பிரிப்பது, தாளம் வைப்பது, சுருதி பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு குரல் என்ற ஒன்றை எனக்குக் காட்டியவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் வேண்டாம். இன்று அவர் தம் நாட்டில் மதிக்கப்படும் இசையமைப்பாளர். அன்று மலாக்காவில், குருபோங்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்ன துரை. இங்கிலாந்துக்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். தாம் வேல்ஸ் நாட்டவர் என்று திருத்துவார். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. அந்த ஊரில் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற எல்லாரும் நான்கு குரலாகப் பிரிந்து பாடுவார்களாம். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே அடிக்குரலில் சேர்ந்து பாடத் தமக்குத் தெரியும் என்பார். கல்லூரியில் இசை படித்தார். அந்தப் படிப்பு சோறு போடவில்லை. ரப்பர் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கப்பல் ஏறிவிட்டார்.

துரை வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது, ஆட்கள் ஒவ்வொருவரும் என்ன குரலில் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு நிற்பார். யார் வரவில்லை என்பதைக் கவனிக்க மாட்டார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தலையில் அடித்துக்கொள்வார். ஆட்கள் அவருக்குப் ‘பாட்டுத் தொரை’ என்று பேர் வைத்தார்கள். ரப்பர்ப் பால் குறைந்தாலும் இந்தத் துரை விட்டுவிடுவார், சுருதி குறைந்தால்தான் சம்பளத்தைப் பிடிப்பார் என்று பேசிச் சிரித்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, சில வருடம் கோயிலில் ஆர்கன் வாசித்து, பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே எழுதினார். பிறகுதான் பெரிய பாடற்குழுக்களும் வாத்தியக் குழுக்களும் அவரிடம் கேட்டு எழுதி வாங்கத் தொடங்கின. போன வருடம் வானொலியில், பாதி இரைச்சலுக்கு நடுவே, அவர் பேரைச் சொல்லி ஒரு பாடலைப் போட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

அவர் முதன்முதலில் நான் ஆசிரியையாக இருந்த அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு வந்த நாளில் என் பிள்ளைகள் நான் கட்டிய ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“இருட்டு விலகும் நேரத்திலே
எங்கள் தோட்டம் விழிக்குது
ஈர இலைமேல் நடந்து நடந்து
எங்கள் காலை சிரிக்குது.”

அவ்வளவுதான் பாட்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் போதும் என்று எழுதியது. முழுக்கக் கேட்டுவிட்டு, மெட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் சிப்பாய்கள் மாதிரி போகிறார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம் இசைக்கு ஒரு கோடே போதும், அந்தக் கோட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் மறுநாள் வந்து, என் பாட்டை என்னையே பாடச் சொன்னார். நான் பாடப் பாட, அவர் வாயை மூடிக்கொண்டு கீழே மூன்று நான்கு சுரங்களில் மட்டும் மெதுவாக முனகினார். இரண்டு வருடமாக நான் பாடி அலுத்த மெட்டு அது. அன்றைக்கு அதன் காலுக்குக் கீழே யாரோ தரை போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு வேண்டுமானால் முயற்சி செய்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

தோட்டத்தில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. பள்ளிக்கு எதிர்வீட்டில் இருந்த, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி வேலைக்காட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் நின்று கேட்பார். “என்னா டீச்சர், ரெண்டு பாட்ட ஒண்ணாப் பாட விட்டிருக்கீங்க? மாமியா மருமவ சண்ட மாதிரியில்ல இருக்கு.”

நான் சிரித்துச் சமாளிப்பேன். ஆனால் என் கவலை வேறாக இருந்தது. அப்போது மலாக்காப் பக்கம் ஆபத்து நீங்கிய ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்படவில்லை. காட்டுக்காரர்கள், அதாவது காட்டில் பதுங்கிச் சண்டையிட்ட கம்யூனிஸ்டுகள், தோட்டங்களில் ஆள் சேர்க்கிறார்கள், சோறு வாங்கிப் போகிறார்கள் என்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரட்டைக் கம்பிவேலி போட்டு, மூலைக்கு ஒரு காவல் கூண்டு கட்டியிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு வாசல் மூடும். மூடிய பிறகு வெளியே எது அசைந்தாலும் சுடலாம் என்பது உத்தரவு. எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன். பள்ளியும் என் வீடும் முதல் டிவிஷனில். இரண்டாம் டிவிஷன் ரப்பர்க் காட்டுக்குள் தள்ளி, தனி வேலிக்குள் இருந்தது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு கொட்டகையில் காலை வகுப்பு. இரண்டு டிவிஷன் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துப் பழக்குவதற்கு அனுமதியும் இல்லை, நேரமும் இல்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். வேறு எந்த ஊர்ப் பாட்டு ஆசிரியரும் இப்படிச் செய்திருக்க மாட்டார். குரலைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்காமல் வேலியைப் பார்த்துப் பிரித்தேன். முதல் டிவிஷன் பிள்ளைகளுக்கு மெட்டு. இரண்டாம் டிவிஷன் பிள்ளைகளுக்கு வாய்மூடிப் பாடும் கீழ்க்குரல். என் மகள் பூங்கோதைக்குச் சுருதி அசையாது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. விடுமுறை நாட்களில் அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் டிவிஷனுக்குப் போய், கீழ்க்குரலுக்கு அவளைத் தூணாக நிறுத்திப் பழக்கினேன். அவர்களுக்கு நான் மட்டும் மேலே மெட்டைப் பாடுவேன். அவர்கள் கீழே முனகுவார்கள்.

இதில் ஒரு கட்டாயமும் வைத்தேன். கீழ்க்குரல் பிள்ளைகள் மெட்டைப் பாடக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. பாடினால் நாக்கு அதற்கே பழகிவிடும், விழா மேடையில் எல்லாரும் மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். நீங்களும் இந்தத் தொல்லையைப் பார்த்திருப்பீர்கள். மெட்டைப் பாடிய ஒரு பையனை நான் கொட்டகைக்கு வெளியே நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஒருவரும் பாடவில்லை.

பாட்டின் நடுவில் ஓர் ஆவர்த்தனம் முழுக்க இரண்டு குரலும் நின்றுபோய், மனத்துக்குள் தாளம் எண்ணி, மறுபடி ஒன்றாக எடுக்க வேண்டும். அந்த மௌனத்தை வைத்தவர் துரைதான். பிள்ளைகளுக்கு அது பிடிபடவே இல்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அவசரப்பட்டு முன்னால் விழுவார்கள். அதை எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

விழாவுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. சின்ன துரை எப்படியோ பெரிய துரையிடம் பேசி, ஒரே ஒரு நாள் இரண்டு குழுவையும் சேர்த்துப் பழக்க அனுமதி வாங்கிவிட்டார். இரண்டாம் டிவிஷன் பிள்ளைகளை மதியம் தோட்டத்து லாரியில் ஏற்றி முதல் டிவிஷனுக்குக் கொண்டுவருவது. பயிற்சி முடிந்ததும் இரவு பள்ளிக்கூடத்திலேயே தங்கவைத்து, மறுநாள் காலை திருப்பி அனுப்புவது. துணைக்கு, அங்கே பிள்ளைக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ராக்காயி அக்கா வருவார். பூங்கோதையைக் காலையிலேயே அங்கே அனுப்பியிருந்தேன், கடைசியாக ஒருமுறை சேர்ந்து பாடிப் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று. துரை அன்று ஏதோ கூட்டத்துக்காக மலாக்கா டவுனுக்குப் போய்விட்டார்.

மதியம் மழை பிடித்தது. சாதாரண மழையில்லை. லாரி மூன்று மணிக்கு வரவேண்டும். நான்காயிற்று, ஐந்தாயிற்று. மழைக்காகக் கிளம்பாமல் இருந்துவிட்டார்கள், அதுதான் புத்தி என்று கிராணி ஆறுதல் சொன்னார். இரண்டாம் டிவிஷனுக்குப் போன் கிடையாது. என் பிள்ளைகள் பள்ளியில் மெட்டைப் பாடிப் பாடி அலுத்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறு மணிக்கு வாசலை மூடினார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் வாசல் பக்கத்துக் காவல் கொட்டகைக்கு அருகில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் அங்கேயே பத்திரமாக இருக்கிறாள் என்று பத்து முறை சொல்லிக்கொண்டேன். மனம் நம்பவில்லை.

உண்மையில் நடந்தது இது. எங்களுக்குத் தெரிந்தது பிறகுதான். லாரி கிளம்பிவிட்டது. ஓடையைத் தாண்டிய பிறகு செம்மண் சேற்றில் பின்சக்கரம் புதைந்தது. ஓட்டுநரும் ராக்காயி அக்காவும் பெரிய பிள்ளைகளும் தள்ளிப் பார்த்து ஓய்ந்தார்கள். ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டதால் திரும்பிப் போகவும் வழி இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் நின்ற லாரி ஒன்றைக் காட்டுக்காரர்கள் கொளுத்திய செய்தி எல்லாருக்கும் தெரியும். இருட்டில் அதற்குள் உட்கார்ந்திருக்க ஓட்டுநருக்குத் துணிவில்லை. முதல் டிவிஷன் வாசல்தான் அருகில். எல்லாருமாக மரங்களுக்கிடையே நடந்து வரத் தொடங்கினார்கள்.

மழை தூறலாகக் குறைந்து, இருட்டு இறங்கும் நேரம். முதலில் பங்களாப் பக்கத்து இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்தேன். ஆழத்தில் ஒரு சத்தம். ஒரே நிலையில் நீண்டு, பிறகு சற்று இறங்கி, மறுபடி நீண்டது. ஈர இலைகளுக்கு நடுவே அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. காவல் பொறுப்பில் இருந்த கோப்பரல் யூசோப் கையை உயர்த்தி எல்லாரையும் அமைதியாக்கினார். கூண்டுக்கு மேலே துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுக்கும் ஓசை கேட்டது. முந்திய வாரம்தான் அந்தப் பக்கத்திலிருந்து காட்டுக்காரர்கள் கூண்டை நோக்கிச் சுட்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற பையன்கள் எல்லாருக்கும் விரல் துடித்துக்கொண்டிருந்தது. லயத்திலிருந்து வந்து நின்ற ஒருவர், காட்டு வண்டுக் கூட்டமாக இருக்கும் என்றார். இன்னொருவர் சாமி பேரைச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது சுரத்துக்கு அது இறங்கியபோது எனக்குத் தெரிந்துவிட்டது.  கோப்பரலிடம் ஓடினேன். அவர் பக்கத்து மலாய்க் கம்போங்கில் பிறந்தவர், தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆசிரியர் என்பதால் மலாய்க்காரர்கள் வழக்கப்படி என்னைச் ‘சிக்கு’ என்று கூப்பிடுவார். அது என் பிள்ளைகள், சுட வேண்டாம் என்றேன்.

அவர் நம்பாததில் தப்பில்லை. “சிக்கு, புள்ளைங்கன்னா அம்மான்னு கத்தும். இது என்னா சத்தம்? இப்படி எந்தப் புள்ள பாடும்?”

 இப்படிப் பாடக் கற்றுக் கொடுத்தவள் நான். இதைத் தவிர வேறு எதையும் பாடாதே என்று சொன்னவளும் நான். நான் கட்டிய மெட்டைச் சொற்களோடு பாடிக்கொண்டு வந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அதற்குப் பதிலாக, தோட்டத்தில் யார் காதுக்கும் பாட்டாகவே தோன்றாத ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

இளையவர்களே, அந்த நேரத்தில் என்ன செய்யத் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். எனக்குத் தோன்றியது, பூங்கோதை என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பதுதான். வாய்வரை வந்துவிட்டது. கத்தியிருந்தால் அவள் என்னை நோக்கி ஓடி வந்திருப்பாள். அவள் ஓடினால் எல்லாப் பிள்ளைகளும் ஓடுவார்கள். இருட்டில், மரங்களுக்கிடையிலிருந்து, வேலியை நோக்கி ஓடிவரும் உருவங்களைப் பார்த்து, மேலே இருந்த அந்தப் பையன்கள் என்ன செய்வார்கள்? ஓடாமல் இருக்க வேண்டும். நடக்க வேண்டும். மெதுவாக, எல்லாரும் ஒன்றாக நடக்க வேண்டும்.

பிள்ளைகளை ஓடாமல் நடக்க வைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பாடத் தொடங்கினேன்.

முதல் வரி சுருதி தப்பியது. பயத்தில் உயரமாக எடுத்துவிட்டேன். அவர்கள் நடந்து நடந்து, மழையில் நனைந்து, பழக்கிய சுருதியிலிருந்து நன்றாக இறங்கியிருந்தார்கள். நிறுத்தி, அவர்கள் இருந்த இடத்துக்கு நான் இறங்கினேன். என் குரலுக்கு எட்டுகிற கடைசிப் படி அது. வழக்கமான வேகத்தில் பாதி வைத்தேன், காலடி வைக்கிற வேகம். ‘ஈர இலைமேல் நடந்து நடந்து’ என்று வரும்போது கீழ்க்குரல் ஒரு கணம் தடுமாறியது. கேட்டுவிட்டார்கள். பிறகு என் வேகத்துக்கு வந்து சேர்ந்துகொண்டது.

பின்னால் கதவுகள் திறந்தன. மெட்டுப் பாடும் பிள்ளைகள் ஒவ்வொருவராக, சோற்றுக் கையோடு சிலர், ஓடி வந்து என் பக்கத்தில் நின்றார்கள். கையை இறக்கிக் காட்டினேன். தாழ்ந்த சுருதியை அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் சேர்த்துப் பழகாத பாட்டு அங்கேதான், நடுவில் வேலியை வைத்துக்கொண்டு, முதன்முறையாக முழுசாகச் சேர்ந்தது. அதன் அழகைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

கோப்பரல் இன்னும் துப்பாக்கிகளை இறக்கச் சொல்லவில்லை. காட்டுக்காரனும் கூடவே முனகலாம் அல்லவா? அவர் முகத்திலேயே அந்த எண்ணம் தெரிந்தது. பிள்ளைகளைப் பாட விட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்தேன்.

“கோப்பரல், இப்ப நாங்க நிப்பாட்டுவோம். அவங்களும் நிப்பாட்டுவாங்க. நாங்க எடுக்குறப்பதான் அவங்களும் எடுப்பாங்க. காட்டுல இருக்குற எவனுக்கும் இது தெரியாது.”

சொல்லி முடிக்கவும் அந்த இடம் வரவும் சரியாக இருந்தது. நாங்கள் நின்றோம். வெளியேயும் நின்றது.

அந்த மௌனத்தை இதுவரை நான் யாரிடமும் விவரித்ததில்லை. ஓர் ஆவர்த்தனம்தான். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. கோப்பரலின் மூச்சு கேட்டது. இத்தனை நாள் இந்த இடத்தில் முன்னால் விழுந்த பிள்ளைகள் இன்றும் விழுந்துவிட்டால், இந்த மனிதர் நம்ப மாட்டார். விரலை மடக்கி எண்ணினேன். எண்ணி முடித்துக் கையைத் தூக்கினேன். உள்ளே மெட்டும் வெளியே கீழ்க்குரலும் ஒரே மூச்சில் எழுந்தன.

கோப்பரல் மேலே பார்த்து, சுடாதே என்று மலாயில் உரக்கச் சொன்னார். துப்பாக்கிகள் இறங்கின. பெரிய விளக்கைத் திருப்பினார்கள். கையைத் தூக்கிக்கொண்டு, மெதுவாக, வெளிச்சத்துக்கு வரும்படி கூப்பிட்டார். முதலில் ஓட்டுநர், அவருக்குப் பின்னால் இடுப்பில் ஒரு பிள்ளையோடு ராக்காயி அக்கா, பிறகு கையைத் தூக்கியபடி, முனகியபடியே வரிசையாகப் பிள்ளைகள். பூங்கோதை கடைசியில் வந்தாள். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ராக்காயி அக்கா அவளைக் கடைசியில் விட்டிருந்தார். வேலிக்குள் கால் வைத்த பிறகும் அவள் பாட்டை நிறுத்தவில்லை. நான் அவள் தோளைத் தொட்ட பிறகே நிறுத்தினாள்.

மூடிய வாசலைத் திறந்ததற்குக் கோப்பரல் மேலே பதில் சொல்ல வேண்டும். எங்களால் உங்களுக்குத் தொல்லை என்றேன். “ரிப்போர்ட்டு நான் எழுதிக்குறேன்லா, சிக்கு. நீங்க புள்ளைங்களுக்குத் தேத்தண்ணி குடுங்க,” என்றார். போகும்போது திரும்பி, “அடுத்த பாட்டு கொஞ்சம் சத்தமாப் போடுங்க,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பை நிறுத்த எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

மறுநாள் துரை டவுனிலிருந்து வந்து நேரே பள்ளிக்கு ஓடிவந்தார்.  எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் கீழ்க்குரல்காரன் தனியாக வீட்டுக்கு நடந்து போனால் அவனை யாரும் சுட மாட்டார்கள், இங்கே சுடுவார்கள் என்றேன். மெட்டைக்கூடச் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டோம், இனி இந்தப் பள்ளியில் ஒரே குரல்தான் என்றேன். அவர் தாம் எழுதிய கீழ்க்குரல் தாளை எடுத்து, பென்சிலால் வரிக்கு வரி தாமே அடித்தார். கூட்டமாகப் பாடுகிறவன் தனியாக நிற்கும்போது அவன் கையில் என்ன மிஞ்சும் என்று தாம் யோசித்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று பெரிய மேடைகளில் அவர் எழுதுவதைக் கேட்கும்போது, எந்தக் குரலையும் தனியாக எடுத்துப் பாடினாலும் அது ஒரு பாட்டாக இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லும் முதல் விதியும் அதுதான்.

ஆனால் அவர் தாளை அடித்தபோது எங்கள் இருவருக்குமே பாதிதான் தெரிந்திருந்தது.

சில நாட்கள் மகளிடம் அதைப் பற்றி நான் பேசவில்லை. பேசினால் பயம் திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயம். ஒரு மாலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, கேட்காமல் இருக்க முடியவில்லை. உனக்கு எத்தனை பாட்டுத் தெரியும், தேவாரம் தெரியும், சினிமாப் பாட்டுத் தெரியும், அதில் ஒன்றைப் பாடிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள். “எல்லாம் பாடிப் பாத்தோம்மா. ராக்காயி அக்கா தாலாட்டுகூட எடுத்துச்சு. ஒரு வரி பாடுறதுக்குள்ள சின்னப் புள்ளைங்க அழுதுச்சுங்க. வாயத் தொறந்தாலே அழுகதாம்மா வருது. எனக்கும்தான். நம்ம பாட்டுக்குத்தான் வாயத் தொறக்க வேணாம்ல. அத எடுத்தோம், அழுக நின்னுருச்சு.”

பாதிப் பின்னலைக் கையில் இறுகப் பிடித்திருந்தேன். போதும்மா, வலிக்குது, முடிய விடு என்று அவள்தான் சொன்னாள்.

மறுநாள் பெரட்டு முடியும்வரை காத்திருந்து துரையிடம் போனேன். அந்தக் கீழ்க்குரல் எனக்குத் திரும்ப வேண்டும் என்றேன். மகள் சொன்னதையும் சொன்னேன்.  அவர் பேர்ப் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே அதை மறுபடி எழுதிக் கிழித்துக் கொடுத்தார். கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அதை எடுத்துக்கொண்டு, பூங்கோதையையும் கூட்டிக்கொண்டு பகலிலேயே, காவலோடு, இரண்டாம் டிவிஷனுக்குப் போனேன். கொட்டகையில் பிள்ளைகளை உட்காரவைத்து, இத்தனை நாள் தடுத்து வைத்திருந்த மெட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொல்லிக் கொடுத்தேன். முன்பு நான் வெளியே நிறுத்திய பையன்தான் எல்லாருக்கும் முன்னால் பாடினான். எல்லாருக்கும் நன்றாக வந்ததும், இனி யாருக்கு எந்தக் குரல் வேண்டுமோ அதைப் பாடலாம், மெட்டு வேண்டும் என்கிறவர்கள் எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள் என்றேன்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பையன் என்னைப் பார்த்தான், பூங்கோதையைப் பார்த்தான், பிறகு கீழ்க்குரலுக்கு வாயை மூடிக்கொண்டு நான் தொடங்குவதற்காகக் காத்திருந்தான்.